லிங்கி அத்தையின் பங்கு

லோசா தன் கையாலேயே பிடித்த முதல் உங்கா அது. அதைப் பார்க்க அன்று பாதி ஊர் வந்துவிட்டது.

பாதி ஊர் என்றதும் பெரிய கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். நியுவே தீவில் எல்லா ஊரும் சின்ன ஊர்தான். முக்கால்வாசிப் பேர் கடல் தாண்டி இருக்கும் ஆக்லாந்து நகரத்துக்குக் குடிபோய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்களில் பாதி என்றால் ஒரு வேன் நிறைய ஆட்கள், கூடவே இரண்டு நாய்கள்.

உங்கா என்பது தேங்காய் நண்டு. மரம் ஏறும். தேங்காயை உரிக்கும். கோபம் வந்தால் ஆள் விரலையும் உரிக்கப் பார்க்கும். லோசா காட்டுக்குள் ஒரு தேங்காயைக் கீறி, அதன் நாரினாலேயே மர வேரோடு கட்டிவிட்டு வந்திருந்தாள். மறுநாள் மாலை போய்ப் பார்த்தால், நீலமும் கருப்புமாக ஓர் உங்கா அந்தத் தேங்காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

லோசா அதைப் பின்பக்கமாகப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள். பெண் உங்கா. வாலுக்கு அடியில் முட்டை எதுவும் இல்லை. முட்டை இருந்தால் அங்கேயே விட்டுவிட வேண்டும், அதுதான் சட்டம். முட்டை இல்லாததால் நிம்மதியாக வீட்டுக்குக் கொண்டு வந்தாள்.

ஆண் உங்காதான் பெரிதாக வளரும். பெண் இந்த அளவுக்கு வளர்வது அபூர்வம். அதன் வால் கொழுப்பு ஏறிப் பந்து மாதிரி உருண்டிருந்தது. சோலோ சித்தப்பா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, உங்கா பிடிப்பதில் தனக்குப் போட்டிக்கு ஆள் வந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னார். அவர் அப்படி யாரையும் புகழ்ந்து லோசா கேட்டதில்லை.

அன்று இரவே அப்பா ஆக்லாந்துக்கு போன் போட்டார். லோசாவின் காது குத்து விருந்துக்கு லிங்கி அத்தை வருவதாக இருந்தது. அத்தைதான் காது குத்தப் போகிறாள். லோசா பிறந்த வருஷம் ஊரைவிட்டுப் போனவள் அவள். ஒரு தடவைகூடத் திரும்பி வந்ததில்லை. அங்கே கிடைக்கும் ஐஸில் வைத்த உங்காவைத் தின்று நாக்கு செத்துப்போச்சு, வால் கொழுத்த பெண் உங்கா ஒன்று கிடைக்குமா என்று அத்தை கேட்டாள்.

"உன் மருமகளே உனக்காகப் பிடிச்சு வச்சிருக்கா அக்கா," என்றார் அப்பா.

அதோடு விட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஊர்க்காரர்கள் எல்லோரிடமும் அதையே சொன்னார். அக்காவின் பங்கு என் மகள் பிடித்த உங்கா, இப்படி ஓர் உங்காவை இந்த வட்டாரத்தில் எந்த விருந்திலும் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள் என்றார். நியுவேயில் விருந்து என்றால் சாப்பிட்டுவிட்டுப் போவது மட்டுமில்லை. பன்றி, கிழங்கு, மீன் என்று குவித்து வைத்து, ஒவ்வொருவர் பங்கையும் பெயர் சொல்லிக் கூவிக் கொடுப்பார்கள். கூவிய பொருள் கையில் இல்லை என்றால் அந்த வீட்டுக்காரர் அப்புறம் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

விருந்துக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. உங்காவை வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய டிரம்மில் போட்டு, தேங்காய் கொடுத்துக் கொழுக்க வைத்தாள் லோசா. பக்கத்து டிரம்மில் சித்தப்பாவின் ஆண் உங்கா ஒன்று இருந்தது. அது இதைவிட இரண்டு மடங்கு பெரிது. எப்போதும் ஒன்றை ஒன்று பார்க்க முடியாதபடி தனித்தனியாகத்தான் வைப்பார்கள். ஒன்றாகப் போட்டால் ஒன்று இன்னொன்றைத் தின்றுவிடும்.

இது லோசாவின் தம்பி பெனிக்கும் தெரியும். ஆனால் பெனிக்கு ஆறு வயது. அந்த வயதில் தெரிந்தது ஒன்று, செய்வது ஒன்று.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த லோசா டிரம்மின் மூடியைத் திறந்தாள். உள்ளே இரண்டு உங்கா. பெரியது சின்னதை மல்லாக்கப் புரட்டிப் போட்டு, அதன் இரண்டு கொடுக்கையும் தன் கொடுக்கால் இறுக்கிப் பிடித்திருந்தது. லோசாவுக்கு உயிரே போய்விட்டது. வாளித் தண்ணீரை அப்படியே உள்ளே கொட்டினாள். பெரியது கொடுக்கை விட்டுவிட்டு ஓர் ஓரத்துக்குப் போனது.

"யாருடா இதை உள்ளே போட்டது?"

பெனி வாழை மரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "அது தனியா இருந்துச்சுக்கா. பேச ஆளே இல்ல. பாவமா இருந்துச்சு."

அவ்வளவு பெரிய உங்காவை இவன் எப்படித் தூக்கினான் என்று யாருக்கும் புரியவில்லை. ஓடி வந்த சித்தப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உள்ளே கையை விட்டுப் பெண் உங்காவைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். ஒரு கால்கூட ஒடியவில்லை.

"சண்டை இல்லடா பெனி. கல்யாணம். நீதான் தரகர்," என்றார்.

பெனிக்குத் தரகர் என்றால் என்னவென்று தெரியாது. ஆனாலும் பெருமையாகத்தான் இருந்தது. சித்தப்பா தன் உங்காவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எல்லோரும் இதை அன்றே மறந்துவிட்டார்கள்.

லோசா மட்டும் சில நாள் கழித்து டிரம்முக்குள் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உங்கா வாலைக் கொஞ்சம் விரித்து வைத்திருந்தது. வாலுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில், மீன் முட்டை மாதிரி பொடிப் பொடியாக, கொத்துக் கொத்தாக முட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. எண்ண முடியாத அளவுக்கு இருந்தன.

இப்போது என்ன செய்வது? முட்டை உங்காவை வைத்திருக்கக் கூடாது. அது தெரிந்த விஷயம். ஆனால் இதை விட்டுவிட்டால் அத்தைக்கு எதைக் கொடுப்பது? அப்பா ஊர் முன்னால் சொல்லிவிட்டாரே.

நாளைக்கு அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மறுநாளும் அதையே நினைத்தாள். அப்பாவோ விருந்துக்குப் பந்தல் போடுவதும், கிழங்குத் தோட்டத்துக்கு ஓடுவதுமாக இருந்தார். எதிரில் வருகிறவர்களிடம் எல்லாம் அந்த உங்காவைப் பற்றியே பேசினார். அவர் பேசப் பேச லோசாவின் வாய் இன்னும் இறுக மூடிக்கொண்டது.

அவள் ஒரு வழி யோசித்தாள். இதே மாதிரி இன்னொரு பெண் உங்காவைப் பிடித்துவிட்டால் இதைச் சத்தம் போடாமல் விட்டுவிடலாம். தினமும் காட்டுக்குப் போய்த் தேங்காய் கட்டினாள். விருந்துக்காக ஊரே உங்கா வேட்டையில் இருந்தது. அவள் கட்டிய தேங்காய்களில் பாதியை எலி தின்றது. மீதியில் வந்தவை உள்ளங்கை அளவுக் குட்டிகள். அந்த அளவில் இருப்பவற்றையும் பிடிக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள்.

பள்ளிக்கூடச் சுவரில் உங்காவைப் பற்றி ஒரு படம் ஒட்டியிருந்தது. அதுவரை லோசா அதைக் கவனித்துப் பார்த்ததே இல்லை. இப்போது இடைவேளை எல்லாம் அதன் முன்னால்தான் நின்றாள். டீச்சரிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். முட்டை முதலில் ஆரஞ்சாக இருக்கும், பிறகு பழுப்பாகும், கடைசியில் சாம்பல் நிறமாகும் என்றார் டீச்சர். அதற்குள் புள்ளி புள்ளியாகக் கண்கள் தெரியும்போது, தாய் காட்டிலிருந்து கடலுக்கு இறங்கி வரும். கடல் தண்ணீர் பட்டதும் முட்டைகள் உடைந்து குஞ்சுகள் வெளியே வரும்.

"கடல் தண்ணி படலைன்னா?" என்று கேட்டாள் லோசா.

அப்படியே காய்ந்து உதிர்ந்துவிடும் என்றார் டீச்சர். ஏன் கேட்கிறாய் என்று கேட்பதற்குள் லோசா வகுப்புக்குள் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை மூடியைத் திறந்து பார்த்தாள். ஆரஞ்சு மங்கியது. பழுப்பானது. டிரம்மின் அடியில் சில முட்டைகள் உதிர்ந்து கிடப்பதைப் பார்த்து அழுதுவிட்டாள். பெனிக்கு மட்டும்தான் இந்த ரகசியம் தெரியும். அவன் வாயைத் திறக்காமல் இருக்கப் பிஸ்கட் கொடுத்து வந்தாள். வீட்டில் பிஸ்கட் டப்பா காலியாகிக்கொண்டே போனது.

விருந்துக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, லிங்கி அத்தை விமானத்தில் வந்து இறங்கினாள். கையில் ஒரு பெரிய காலி ஐஸ் பெட்டி. ஆக்லாந்துக்குத் திரும்பும்போது உங்காவை நிரப்பிக்கொண்டு போகத்தான் அந்தப் பெட்டி என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அத்தை பேச்சில் காரம் ஜாஸ்தி. வந்த உடனே அப்பாவைப் பார்த்து, நீ என்ன இப்படிக் கிழவனாகிவிட்டாய் என்றாள். அம்மாவின் புதுத் திரைச்சீலையை யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் தலையை ஆட்டினாள். பிறகு லோசாவின் பக்கம் திரும்பினாள்.

"எங்கடி என் உங்கா?"

"டிரம்முல இருக்கு அத்தை. தூங்குது."

"உங்கா தூங்குமா?"

"நாளைக்குப் பாக்கலாம் அத்தை," என்றாள் லோசா. நல்லவேளை, அம்மா அத்தையைத் தேநீர் குடிக்க உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

ஆனால் சித்தப்பாவை யார் தடுப்பது? நாளைக்குப் பங்கு கூவப் போகிறவர் அவர்தான். கூவுகிற பொருளை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அப்பாவோடு டிரம்முக்குப் போனார். உங்காவைத் தூக்கினார். அதன் வால் விரிந்தது.

முட்டைகள் சாம்பல் நிறமாகியிருந்தன.

லோசா எல்லாவற்றையும் சொன்னாள். பெனியின் தரகு வேலை முதல் பிஸ்கட் வரை ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். பிறகு, இதைக் கடலில் விட்டுவிடலாம் அப்பா என்றாள். நாளை மறுநாள் ஞாயிறு, ஓய்வு நாள், யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள், திங்கள்கிழமை வரை இது தாங்காது என்றாள்.

சித்தப்பா வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "ஒரு பழைய டூத்பிரஷ் இருந்தா குடு. ரெண்டு நிமிஷ வேலை. தேச்சு விட்டா முட்டை இருந்த தடமே தெரியாது."

"சித்தப்பா, வேண்டாம்."

"ஊர் முன்னாடி உங்கப்பா தலை குனியணுமா? இத்தனை வருஷம் கழிச்சு வந்திருக்கா அக்கா. வெறும் கையைக் காட்டச் சொல்றியா?"

லோசா அப்பாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காலையில் பேசிக்கொள்ளலாம் என்றார். சித்தப்பா சொன்னதைவிட அப்பா சொல்லாததுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

அன்று லோசா டிரம்மின் மூடி மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். பாடப்புத்தகத்தையும் அங்கேயே வைத்துக்கொண்டாள். யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. தூங்குகிற நேரம் வந்ததும் அம்மா வந்து மூடியின் மேல் ஒரு பெரிய கிழங்கு மூட்டையை வைத்தாள்.

"இதைத் தூக்கினா எனக்குச் சத்தம் கேட்கும். வா, வந்து படு," என்றாள்.

மறுநாள் காலையில் அதைப் பேச நேரமே இல்லை. கோழி கூவுவதற்கு முன்பே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். குழி அடுப்பில் பன்றி வெந்துகொண்டிருந்தது. பந்தலில் கிழங்கு மலை மாதிரி குவிந்தது. லோசாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் பூ வைத்து, பாயில் உட்கார வைத்தார்கள்.

அதற்கு முன்பே அவள் பெனியை டிரம்மின் மேல் உட்கார வைத்திருந்தாள். "நான் வர்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

"எனக்குச் சாப்பாடு?"

"நானே கொண்டு வந்து தர்றேன்."

"பன்னிக் கறியும்?"

"அதுவும்."

பெனி நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

பாயில் லிங்கி அத்தையின் மடியில் தலை சாய்த்துப் படுத்திருந்தாள் லோசா. அத்தை ஊசியை விளக்கில் காட்டினாள். சுற்றி நின்றவர்கள் பாடினார்கள். பயப்படாதே, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். லோசாவுக்கு ஊசியைப் பற்றி நினைப்பே இல்லை. அத்தையிடம் இப்போதே சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொன்னால் அத்தை அப்பாவைத் திட்டுவாள். ஊசி கையில் இருக்கும் ஆளிடம் கெட்ட செய்தி சொல்வதும் அவ்வளவு நல்லதாகப் படவில்லை.

சுருக்கென்றது. இடது காது முடிந்தது. கூட்டம் கைதட்டியது.

அப்போதுதான் கூட்டத்துக்கு நடுவில் பெனியைப் பார்த்தாள். அவனும் கைதட்டிக்கொண்டிருந்தான். வாயெல்லாம் எண்ணெய். ஒரு கையில் பன்றிக் கறி.

லோசா எழுந்து ஓடினாள். பின்னால் அத்தை கத்தினாள். வலிக்குப் பயந்து ஓடுகிறாள் என்று யாரோ சிரித்தார்கள். தலையிலிருந்த பூ விழுந்தது. அவள் நிற்கவில்லை.

டிரம் திறந்து கிடந்தது. சித்தப்பா பக்கத்தில் ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். இடது கையில் உங்கா மல்லாக்க இருந்தது. வலது கையில் டூத்பிரஷ்.

"தேச்சுட்டீங்களா சித்தப்பா?" லோசா மூச்சு வாங்கக் கேட்டாள்.

சித்தப்பா நிமிரவில்லை. "கறியைக் காட்டித்தான் அவனைக் கிளப்பினேன். இதைத் திருப்பிப் பார்த்தா, இத்தனை கண்ணு. ஒவ்வொண்ணும் என்னையே பாக்குது." பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "நாப்பது வருஷமா உங்கா பிடிக்கிறேன். இவ்வளவு கிட்டத்துல உக்காந்து நான் பாத்ததே இல்ல."

முட்டைகள் அப்படியே இருந்தன. லோசா மண்டியிட்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். அழுகை வந்தது. ஆனால் அழ நேரமில்லை. பந்தலில் பங்கு கூவ ஆள் எங்கே என்று சித்தப்பாவைத் தேடுகிற குரல் கேட்டது.

"இப்போ அக்காவுக்கு என்னத்தைக் கூவுறது?" என்றார் சித்தப்பா. அவர் முகத்தில் பயம் தெரிந்தது. கேலி பேசுகிற சித்தப்பாவை அப்படிப் பார்க்க லோசாவுக்கு என்னவோ போலிருந்தது.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு கையை நீட்டினாள். "நான் பிடிச்சது. நானே கொண்டு வர்றேன். நீங்க அத்தை பேரை மட்டும் கூவுங்க."

பங்கு கூவுதல் தொடங்கியது. பாதிரியாருக்கு, பக்கத்து ஊர்க்காரர்களுக்கு, தாய்மாமன்களுக்கு என்று வரிசையாகப் போனது. ஒவ்வொரு பெயருக்கும் பந்தல் ஆரவாரித்தது. சித்தப்பா அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஆக்லாந்திலிருந்து வந்த எங்க அக்கா லிங்கிக்கு."

அதற்கு மேல் அவர் எதுவும் கூவவில்லை. எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். லோசா உங்காவைப் பின்பக்கமாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடுப்பந்தலுக்கு வந்தாள். அது கால்களை ஆட்டியது. பார்த்தவர்கள் முதலில் வியந்தார்கள். பிறகு வாலுக்கு அடியில் இருந்ததைப் பார்த்தார்கள். பந்தலில் முணுமுணுப்பு பரவியது.

"அத்தை, இது உங்க பங்கு," என்றாள் லோசா. எல்லோருக்கும் கேட்டது. "பிடிக்கிறப்போ முட்டை இல்ல. டிரம்முல வச்சுத்தான் வந்துச்சு. நான் அப்பவே சொல்லியிருக்கணும், பயந்துட்டேன். இன்னிக்கு அலை ஏறுறப்போ கடல்ல விடலைன்னா எல்லாம் செத்துடும். அதனால உயிரோட தர்றேன். நீங்களே வந்து விட்டீங்கன்னா, அத்தனை குஞ்சும் நீங்க விட்டதா இருக்கும்."

அப்போது அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து லோசாவின் பக்கத்தில் நின்றார்.

"தப்பு என் பேர்ல அக்கா. ஊர் முன்னாடி வாயை விட்டது நான். அவ நேத்தே விட்டுடலாம்னு சொன்னா. நான்தான் வாயை மூடிக்கிட்டு நின்னேன்."

லிங்கி அத்தை பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். குனிந்து வாலுக்கு அடியில் வெகுநேரம் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இது என் பங்குதானே?"

"ஆமா அத்தை."

"என் பங்குன்னா நான் வச்சதுதான் சட்டம்."

லோசா தலையாட்டினாள்.

"அப்போ இதைச் சோலோ கையில குடுத்துட்டு, இப்படி உக்காந்து இன்னொரு காதைக் காட்டு," என்றாள் அத்தை. "ஒத்தைக் காதோட வர்ற பிள்ளையைக் கூட்டிக்கிட்டு நான் கடலுக்குப் போக மாட்டேன்."

பந்தல் முழுக்கச் சிரிப்பு எழுந்தது. அம்மா முந்திக்கொண்டு பாயை விரித்தாள். ஊசி எப்போது உள்ளே போனது, எப்போது வெளியே வந்தது என்று லோசாவுக்குத் தெரியவே இல்லை. அவள் கண் முழுக்கச் சித்தப்பாவின் கையில் இருந்த உங்கா மேலேயே இருந்தது.

அவர்கள் ஊரில் கடலுக்கு இறங்குவது லேசான வேலை இல்லை. பாறை இடுக்கில் செங்குத்தான பாதை. லிங்கி அத்தை விருந்துக்குப் போட்ட பூப்போட்ட நீளச் சட்டையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றி அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். ஒவ்வொரு கல்லையும் திட்டிக்கொண்டே இறங்கினாள். ஆனால் எந்தக் கல்லில் கால் வைக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சூரியன் தீவுக்குப் பின்னால் போயிருந்தது. அலை பாறையின் விளிம்பு வரை ஏறியிருந்தது. லோசா உங்காவை ஈரப் பாறையில் இறக்கி வைத்தாள். எல்லோரும் பின்னால் தள்ளி நின்றார்கள்.

உங்கா அசையவில்லை. ஒரு அலை வந்து போனது. இன்னொன்று வந்து போனது. டிரம்மிலேயே அடைந்து கிடந்ததில் அது கடலை மறந்துபோயிருக்குமோ என்று லோசா பயந்தாள். பாதி இருட்டிவிட்டது. தொட்டுத் தள்ளிவிடலாமா என்று பெனி கேட்டான். வேண்டாம், அது தண்ணீரில் விழுந்தால் மூழ்கிவிடும், அதற்கு நீந்தத் தெரியாது என்றாள் லோசா. நண்டுக்கு நீச்சல் தெரியாதா என்று பெனி சித்தப்பாவைப் பார்த்தான். சித்தப்பா ஆமாம் என்று தலையாட்டினார்.

மூன்றாவது அலையின் நுரை உங்காவின் கால்களைத் தொட்டது. அது மெதுவாக ஓர் அடி எடுத்து வைத்தது. இன்னோர் அடி. பாறையை இறுகப் பற்றிக்கொண்டு வாலைத் தண்ணீருக்குள் இறக்கி உதறியது. அடுத்த அலை வந்து திரும்பியபோது, தண்ணீரில் புகை மாதிரி ஏதோ கலங்கிப் பரவியது. அது திரும்பத் திரும்ப உதறியது. அந்தப் புகை முழுக்கக் குஞ்சுகள். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடிசு.

லோசா மூச்சை விட்டாள். எத்தனை நாளாக அதைப் பிடித்து வைத்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

உங்கா தண்ணீரிலிருந்து ஏறி வந்து பாறையில் நின்றது. அத்தை அதன் பின்னால் குனிந்து பார்த்தாள். வாலுக்கு அடியில் சுத்தமாக இருந்தது.

"இப்போ முட்டை இல்ல," என்றாள் அத்தை. "சட்டப்படி பிடிக்கலாம் இல்ல?"

லோசா சிலையாகிவிட்டாள். பெனி அக்காவின் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

அத்தை அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பயந்துட்டீங்களா? பிள்ளை பெத்த உடம்பு. போய் நல்லாத் தின்னட்டும், விடுங்க."

உங்கா அவசரம் இல்லாமல் பாறை இடுக்கில் ஏறி, செடிகளுக்குள் புகுந்து மறைந்தது. அது திரும்பிப் பார்க்கவில்லை. பெனிக்கு அது பிடிக்கவில்லை.

"குஞ்சையெல்லாம் விட்டுட்டு அது பாட்டுக்குப் போகுது. அதுங்க எப்படிக்கா வீடு வந்து சேரும்?"

டீச்சர் சொன்னதை லோசா சொன்னாள். கொஞ்ச நாள் கடலிலேயே மிதக்கும். மீன் தின்றது போக மிச்சம் இருப்பது கரைப் பக்கம் வரும். காலியான ஒரு நத்தை ஓட்டைத் தேடி மாட்டிக்கொண்டு தரையில் ஏறும். உடம்பு கெட்டியானதும் ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காட்டுக்குள் போகும். எல்லாம் வராது. சிலதாவது வரும்.

அத்தை கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் தெளிந்திருந்தது. அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

"அதுங்க என் பங்கு," என்றாள். "திங்கிற அளவுக்கு வளர எத்தனை வருஷம் ஆகும்?"

"ரொம்ப வருஷம் ஆகும் அத்தை. நான் அம்மா அளவுக்கு வளந்துடுவேன்."

"அவ்வளவு நாளெல்லாம் என்னால பொறுக்க முடியாது. அடுத்த வருஷமே வந்து பாக்கறேன், எவ்வளவு வளந்திருக்குன்னு," என்று சொல்லிக்கொண்டே அத்தை பாதையில் ஏறத் தொடங்கினாள்.

முன்னால் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்த அப்பா நின்றார். திரும்பி அக்காவைப் பார்த்தார். நிஜமாகவா என்று கேட்டார். அத்தை, ஏன் வழியை மறைச்சுக்கிட்டு நிக்கிற, ஏறு என்று அவரை அதட்டினாள்.

லோசா அவர்களுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டே ஏறினாள். இரண்டு காதும் விண் விண்ணென்று வலிப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.